இன்ஜின் நின்றால்

பிப்ரவரி 3, 1911

அன்புள்ள தம்பிக்கு,

உன் இன்ஜின் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் உன் அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. நானும் இறக்கைத் துணியில் கடைசித் தையலைப் போட்டு வார்னிஷ் பூசி முடித்தேன். விரல்களெல்லாம் இன்னும் பிசுபிசுக்கின்றன. பேனாவை வைத்தால் காகிதமும் கையோடு வருகிறது.

போன ஞாயிறு காலையில், செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் நம் பறக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஊரே கூடிவிட்டது. அத்தானைக் காட்டி, ஆகாசத் தச்சன் இன்றைக்குப் போய்விடுவான் என்று பேசிக்கொண்டார்கள். மேலே போவதைச் சொன்னார்களா, ஒரேயடியாகப் போவதைச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. வண்டியும் ஓடியது. ஓடியது, ஓடியது, மைதானம் முடிந்து வேலி வரும் வரைக்கும் ஓடியது. சக்கரம் தரையை விடவில்லை. திருப்பி இந்தப் பக்கமாக விட்டோம். கோழி பறக்கப் பார்க்கிற மாதிரி ஒரு குதி குதித்தது, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவர், "பின்னாடி ஏரைப் பூட்டியிருந்தா நிலமாவது உழுதிருக்கும்" என்றார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் தொங்கிப்போனது.

அவர் உடம்பு உனக்குத் தெரியாதா? அவர் செய்கிற அலமாரியும் அவரும் ஒரே அளவு. இப்போது ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நேற்று மீசையை எடுத்துவிட்டார். எதற்கு என்று கேட்டால், "அதுவும் எடைதானே" என்கிறார். நான் சிரிப்பேனா அழுவேனா?

நீதான் வழி சொல்ல வேண்டும். இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் வலு ஏற்ற முடியுமா? கட்டிலும் நாற்காலியும் செய்ய வேண்டிய நல்ல மரத்தையெல்லாம் நாலு வருடமாக இறக்கைக்கே இழைத்துத் தீர்த்த மனிதர். ஒரு தடவையாவது தரையை விட்டுக் கிளம்ப வேண்டாமா?

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

மீசை போன செய்தியைப் பட்டறையில் சத்தமாகப் படித்துவிட்டேன். இரண்டு பேர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தானிடம் சொல்லிவிடாதே.

வலு ஏற்ற முடியாது அக்கா. படகுக்காகச் செய்த இன்ஜின் அது. உங்களுக்காக அதைச் சுரண்டிச் சுரண்டித்தான் எடையைக் குறைத்தேன். இனிமேல் சுரண்டினால் ஓட்டைதான் விழும். தன்னிடம் இருக்கிற வலுவை ஒளிக்காமல் கொடுக்கிறது, பாவம். பழியை அதன் மேல் போடாதீர்கள், மேலே உட்காருகிறவர் மேல் போடுங்கள்.

இங்கே பறப்பு மைதானத்தில் பார்க்கிறேனே, வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் குச்சி குச்சியாக இருக்கிறார்கள். ஊதினாலே போய்விடுவார்கள், இன்ஜின் எதற்கு என்று தோன்றும். இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் சக்கரம் போடச் சொல். உட்காரும் பலகையை எடுத்துவிட்டுக் கித்தான் துணி கட்டட்டும். அதற்கும் எழும்பவில்லையா, உன்னை மாதிரி எலும்பும் தோலுமாக யாரையாவது பிடித்து உட்கார வைத்துவிடுங்கள்!

மைதானத்தில் எந்த இன்ஜின் மக்கர் செய்தாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. அதை நேரில் வரும்போது சொல்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்ன எலும்பும் தோலும் பறந்துவிட்டது.

பதறாதே, முழுதாகப் படி. சைக்கிள் சக்கரம் போட்டார். கித்தான் கட்டினார். குதி கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். அன்றைக்கு உன் கடிதத்தை எடுத்து மறுபடி எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த எலும்பும் தோலும் வரி வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"வேண்டாம்" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்பாய். கம்பிகளை முறுக்கிச் சரி பார்க்கும்போதெல்லாம் அந்த இருக்கையில் உட்கார்ந்து, "இழு, விடு" என்று அவர் சொல்கிறபடி பிடியை ஆட்டியது யார்? எதை அசைத்தால் எது அசையும் என்று என் கைக்கே தெரியும். முதலில் தரையிலேயே ஓட்டிப் பழகினேன். பிறகு ஒரு வியாழக்கிழமை, வேடிக்கை பார்க்க ஒரு ஆளும் இல்லாத காலை நேரத்தில், பிடியை மெதுவாகப் பின்னால் இழுத்தேன்.

சக்கரம் தடதடக்கும் சத்தம் நின்றது. ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கீழே பார்த்தால், வண்டியின் நிழல் எங்களை விட்டுத் தனியாகப் புல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. சூளையின் புகைபோக்கி என் தோள் உயரத்துக்கு வந்தது. அப்புறம் இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பொத்தென்று விழுந்தேன்.

அத்தான் ஓடி வந்தார். வந்தவர் முதலில் இறக்கையைத் தடவிப் பார்த்தார், கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். முதுகு குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா, நான் கேட்கவில்லை. மறுநாள் பட்டறையில் மரத்தை இழைத்துக்கொண்டே, "நான் கீழ நின்னு பார்த்தது ஒருவகையில நல்லது. வால் இடது பக்கம் சாயுது. உள்ள உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்காது" என்றார். அவ்வளவுதான், மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார்.

இந்த மாதக் கடைசியில் ஊர் முன்னால் ஆற்றைத் தாண்டிப் பறக்கப்போகிறேன். லீவு போட்டுவிட்டு வா.

உன் அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வேடிக்கைக்கு எழுதிய ஒரு வரியை வைத்துக்கொண்டு இப்படியா செய்வீர்கள்?

நேரில் சொல்கிறேன் என்று எழுதியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் இங்கே ஒருவர் விழுந்தார். சிட்டு அண்ணன் என்று கூப்பிடுவோம். இந்த மைதானத்தில் முதன்முதலில் பறந்தவர் அவர்தான். ஊருக்குள் அவர் படம் மாட்டாத டீக்கடை கிடையாது. அன்று காலை அவர் இன்ஜினைச் சரி பார்த்தது நான். ஏறும்போது, "இன்னைக்கு உன் இன்ஜின் பாடுதுடா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மரங்களுக்கு மேலே போகும்போது அது நின்றது. இறக்கையும் முறிந்துவிட்டது என்றார்கள். முதலில் ஓடிப் போனவனும் நான்தான். பார்த்ததை எழுத மாட்டேன். அவர் மனைவி கூட்டத்தில் இருந்தார். அவரைப் பக்கத்தில் வரவிடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். அவர் என்னை அடித்த அடி இன்னும் நெஞ்சில் வலிக்கிறது.

நிற்காத இன்ஜினை உலகத்தில் இதுவரை யாரும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. நான் அனுப்பியதும் ஒருநாள் நிற்கும். அப்போது அதில் நீ உட்கார்ந்திருக்கக் கூடாது. கழற்றி அனுப்பிவிடு. அத்தானுக்குத் தன் ஆசைக்கு என் அக்காதான் கிடைத்தாளா என்று நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' இல்லாமல் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. போகட்டும், நான் போட்டுவிட்டேன்.

சிட்டு அண்ணனைப் பற்றிப் படித்ததும் வேலையே ஓடவில்லை. இதை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டா மீசைக்குச் சிரித்தாய்?

கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் போய் அதன் மேல் கையை வைத்தேன்.

"கைய எடு. மச்சான் கேட்டதுல என்ன தப்பு? எனக்கே தூக்கம் வரல" என்றார்.

"அவன் சொன்னா கழட்டுவீங்க. நீங்க நெனச்சா பூட்டுவீங்க. நடுவுல நான் யாரு?"

"உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"உங்களுக்கு ஆகும்னு நான் அழுதிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் அதைப் பெட்டிக்குள் போட்டார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. முதல்நாள் அவருக்காகத்தான் ஏறினேன். மறுநாளிலிருந்து எனக்காகத்தான் போகிறேன். அடுப்புக்கு முன்னாலும் தையல் மெஷினுக்கு முன்னாலும் குனிந்தே பழகிய கழுத்து இது. மேலே போனால் குனிந்து பார்க்க வேலை எதுவும் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்ஜினை அனுப்ப மாட்டேன். நிற்கும் என்கிறாய், சரி, நிற்கட்டும். நின்றால் நான் என்ன செய்ய வேண்டும்? அதை எழுது. அங்கே பறக்கிறவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களே, கேட்டு எழுது. உன்னை நடக்கப் பழக்கியவள் நான். விழுந்துவிடுவாய் என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் பேசி யார் ஜெயித்தார்கள்?

மைதானத்தில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். ஒருவர் அதிர்ஷ்டம் வேண்டும் என்றார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கடைசியில் கால் விந்தி நடக்கும் ஒரு பெரியவர், இவர்களுக்குள் மூத்தவர், என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்ஜின் நின்னா ஆள் சாக வேண்டியதில்ல. நானே மூணு தடவ எறங்கியிருக்கேன். சிட்டு வண்டி மூக்கத் தூக்கிட்டான்" என்றார்.

"இறக்கை முறிஞ்சதுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க?"

"அவன் பொண்டாட்டிகிட்ட, உன் புருஷன் கைப்பிசகா போயிட்டான்னு யாருடா போய்ச் சொல்றது? அவனவன் வீட்டுல சாமி மாதிரி படம் மாட்டி வச்சிருக்கான். முறிஞ்சதாவே இருக்கட்டும்னு நாங்க நாலஞ்சு பேர் பேசி முடிவு பண்ணினோம்."

அதனால் அக்கா, இது வெளியே போக வேண்டாம். ஆனால் நீ தெரிந்துகொள். இன்ஜின் நின்றதும் வேகம் குறையும். கீழே போகிறோமே என்ற பயத்தில் கை தானாகப் பிடியைப் பின்னால் இழுக்கும். இழுத்தால் மூக்கு மேலே போகும், வண்டி காற்றிலேயே நின்றுவிடும், நின்ற வண்டி வெறும் கல். பிடியை முன்னால் தள்ளு. மூக்கைக் கீழே இறக்கு. தரையை நோக்கித் தைரியமாகப் போ. அந்த வேகம்தான் இறக்கையைத் தாங்கும். தரை நெருங்கியதும் மெதுவாக நிமிர்த்து. கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் பார்க்காதே, எதிரே எந்த இடம் தெரிகிறதோ அங்கே இறங்கு.

புத்திக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும் என்றார் பெரியவர். நீ இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அத்தானைத் திடீர் திடீரென்று "நின்னுடுச்சு" என்று கத்தச் சொல். கத்தினதும் நீ தள்ள வேண்டும். அத்தானோடு நான் இன்னும் பேசவில்லை, அது வேறு. இதை மட்டும் செய்யச் சொல்.

லீவு தர மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

உன் தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. தந்தியில் சொன்ன மாதிரி நன்றாகத்தான் இருக்கிறேன். தோள்பட்டை எலும்பு மட்டும் முறிந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். (எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது அவள் வாயில் வந்தது. அத்தான்.)

நீ சொன்னபடி கத்தச் சொன்னேன். மனிதர் இருக்கையோடு நிறுத்தினாரா? பல் தேய்க்கும்போது கத்தினார். குழம்பு கிளறும்போது கத்தினார். நான் கரண்டியை முன்னால் தள்ளிச் சுவரெல்லாம் குழம்பு.

அன்று கரை முழுக்க ஜனம். பேண்டு வாத்தியம் வேறு. ஆற்றைத் தாண்டுகிற நேரத்தில் உன் இன்ஜின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றது. சத்தம் நின்றதும் கரையில் இருந்தவர்கள் பேசிக்கொள்வது எனக்குக் கேட்டது. ஒரு அம்மா, "நின்னுடுச்சு போலிருக்கே" என்றது தெளிவாகக் கேட்டது. என் கை பின்னால் இழுக்கத்தான் பார்த்தது தம்பி. எழுதியிருந்தாயே, அப்படியே. ஆனால் அந்த அம்மா சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் கை தள்ளிவிட்டது. ஆறு அப்படியே எழுந்து முகத்துக்கு நேரே வந்தது. தண்ணீரைத் தாண்டி, கரையைத் தாண்டி, ஒரு பூசணித் தோட்டத்தில் நிமிர்த்தினேன். சக்கரம் கொடியில் சிக்கிக் குப்புறக் கவிழ்ந்தது. தோட்டக்காரர் என்னைத் தூக்கி உட்கார வைத்து, "எத்தன காய் போச்சு பாருங்க" என்றார். அப்போதுதான் உயிரோடு இருக்கிறேன் என்று எனக்கு உறுதியானது.

அத்தான் படகில் வந்தார். இவரை ஏற்றலாமா என்று படகுக்காரர் யோசித்தாராம். இறக்கை இரண்டாக முறிந்து வழியிலேயே கிடந்தது. அதைத் தாண்டி ஓடி வந்தார். ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. (இதை எழுத வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.)

இனி வேடிக்கையைக் கேள். மறுநாள் பத்திரிகையில், 'தச்சர் ஆற்றின் மேல் பறந்தார், கரையில் நின்ற மனைவிக்குக் காயம்' என்று வந்தது. அத்தான் நேரே அங்கே போனார். பத்திரிகைக்காரர், "பொம்பள ஓட்டினாங்கன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க, நீங்களே ஓட்டினதா இருக்கட்டும்" என்றாராம். பக்கத்தில் காகிதக் கட்டு நிறுக்கிற தராசு இருந்திருக்கிறது. அத்தான் அதில் ஏறி நின்றார். அது டங்கென்று தரையில் இடித்தது.

"இந்த உடம்பு பறந்துச்சுன்னு போட்டா நம்புவாங்களா?" என்று கேட்டார்.

அச்சுக்கூடமே சிரித்ததாம். அடுத்த நாள் திருத்திப் போட்டார்கள். அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி வரும் வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்திரிகைத் துண்டு இப்போது அவர்கள் கைகளில் சுற்றிக் கிழிந்தே போய்விட்டது.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு சிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. அவர் மனைவி இப்போது ஒரு தையற்கடைக்குத் துணி தேய்த்துக் கொடுக்கிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "இன்ஜின் நின்னும் எப்படிப் பொழச்சாங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் தேய்ப்புப் பெட்டியை எடுத்தார். "போயிடுங்க" என்றார். வந்துவிட்டேன். செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை அவரே மைதானத்துக்கு வந்தார். கணவர் விழுந்த நாளுக்குப் பிறகு அங்கே கால் வைத்ததில்லை. எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

"இறக்கை முறிஞ்சதுன்னு சொன்னீங்க. அன்னையிலேர்ந்து புதுசா வர்ற பசங்க இறக்கையத் தட்டிப் பார்த்துட்டு ஏறுறாங்க. உண்மை எத்தன பேருக்குத் தெரியும்?"

பெரியவர்தான் மெதுவாக, "அவன் பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான்மா" என்றார்.

"அவர் பேரு எனக்குத் தெரியாதா? முன்னாடி போக யாருமில்லாம போனவரு அவரு. அவருக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல. உங்களுக்கு இருக்கே! அதையும் மறைச்சு வச்சா, அடுத்துப் புருஷனப் பறிகொடுக்குறவ எங்கிட்ட வந்து கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

கொட்டகையில் சிட்டு அண்ணன் படத்துக்குக் கீழே 'வானத்தை வென்ற வீரர்' என்று எழுதியிருந்தது. அதை அழிக்கச் சொன்னார். பெரியவரே பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தார். இப்போது அங்கே, 'இன்ஜின் நின்றால் மூக்கைக் கீழே இறக்கு' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துகிறார்கள்.

அன்று அண்ணன் மனைவி போகும்போது என்னிடம் வந்து, "அன்னைக்கு ரொம்ப அடிச்சிட்டேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்க அக்கா மறுபடி போவாங்களா? போனா எனக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க" என்றார். விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் இனிமேல் எதையும் கழற்றச் சொல்ல மாட்டேன்.

உன் தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

என் கையாலேயே எழுதுகிறேன் பார். எலும்பு கூடிவிட்டது. மழை வந்தால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். புது இறக்கை. ஆற்றைத் தாண்டி, பூசணித் தோட்டத்துக்கு மேலே திரும்பி, கிளம்பிய இடத்திலேயே இறங்கினேன். தோட்டக்காரர் கீழே நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். வாழ்த்தினாரா, வேறு பக்கம் போகச் சொன்னாரா தெரியவில்லை. அன்றைக்கே சிட்டு அண்ணன் மனைவிக்கு எழுதிவிட்டேன். இரண்டு வரி கேட்டார், நான்கு பக்கம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததெல்லாம் அவருக்கு எழுத வந்தது. நேற்று பதில் வந்தது. அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன் என்கிறார். நீயே கூட்டிக்கொண்டு வா. தனியாக அனுப்பாதே.

அத்தான் உன்னோடு பேசப்போவதில்லை என்றுதான் இன்னும் சொல்கிறார். "உன் தம்பி கேட்ட கேள்வி இருக்கே" என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பட்டறையில் ஒரு கட்டில் செய்துகொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன், வாடிக்கைக்காரருக்கு என்றார். இவ்வளவு நீளமாக எந்த வாடிக்கைக்காரர் இருக்கிறார் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "போன தடவ வந்தப்ப கால் வெளிய நீட்டிக்கிட்டே தூங்கினான், பாக்கச் சகிக்கல" என்றார்.

எப்போது வருகிறாய்?

உன் அக்கா